ஏட்டுச் சுரைக்காய் கறியாகும் இடங்கள்... காளான் படுக்கை முதல் சுண்டல் ஸ்டால் வரை!

கேம்பஸ் இன்டர்வியூவில் பலரையும் தடுமாற வைக்கும் கேள்வி பாடப் புத்தகத்திலிருந்து வருவதில்லை. "நீங்களாகவே எடுத்துச் செய்து முடித்த ஒரு வேலையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதுதான் அது.

கையில் இருக்கும் ஃபைலில் பத்துப் பதினைந்து சான்றிதழ்கள் இருக்கும். இரண்டு நாள் பயிலரங்கம், ஆன்லைன் கோர்ஸ், வெபினார்... எல்லாமே இருக்கும். ஆனால், இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் வராது. காரணம், அந்தத் தாள்களில் பலவும் உட்கார்ந்து கேட்டதற்காகக் கொடுக்கப்பட்டவை. எதையும் செய்து முடித்ததற்காக அல்ல.

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். ஆனால், அந்தச் சுரைக்காயைக் கறியாக்கும் இடங்களும் நம் கல்லூரிகளிலேயே இருக்கின்றன. வயல், காளான் குடில், சமையல் கூடம், பட்டறை, உணவுத் திருவிழா ஸ்டால் என்று அவை பலவகை. பல மாணவர்களுக்கு இவை இருப்பதே தெரிவதில்லை. தெரிந்தவர்களிலும் சிலர், குரூப் போட்டோ எடுத்துக்கொண்டதோடு திரும்பிவிடுகிறார்கள்.

எது உண்மையான செய்முறைக் கல்வி, எது வெறும் போட்டோ என்று பிரித்துப் பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும். 'இங்கே நான் தப்பு செய்தால், அது என் கண்ணுக்குத் தெரியுமா?' தெரியும் என்றால், அங்கே நிச்சயம் ஏதாவது கற்றுக்கொள்ளலாம். இந்தக் கேள்வியோடு சில இடங்களுக்குப் போய்ப் பார்ப்போம்.

உப்புத் தண்ணீரில் ஒரு முட்டை

'விவசாயிகளுக்குச் செயல்விளக்கம் அளித்த வேளாண் கல்லூரி மாணவிகள்' என்ற செய்தியை உள்ளூர்ப் பக்கங்களில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். 'ராவே' என்று மாணவர்கள் சுருக்கமாகச் சொல்லும் கிராமப்புற வேளாண் பணி அனுபவத் திட்டம்தான் அதற்குப் பின்னால் இருக்கிறது. இளநிலை வேளாண்மை படிப்பவர்கள் இறுதியாண்டில் குழுக்களாகப் பிரிந்து, ஒரு வட்டாரத்தில் தங்கி, விவசாயிகளோடு வேலை செய்ய வேண்டும். இது பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. 2015 ஜூலை 25 அன்று தொடங்கப்பட்ட 'ஸ்டூடன்ட் ரெடி' திட்டம், இதையும் இதுபோன்ற மற்ற செய்முறைப் பயிற்சிகளையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது.

ஊருக்குள் போனதும் முதல் வேலை, வரைபடம். கோலப்பொடியையும் கலர்ப்பொடியையும் எடுத்துத் தரையிலேயே ஊரை வரைவார்கள். எங்கே கிணறு, எங்கே ஏரி, எந்தத் தெருவில் எத்தனை வீடு என்று ஊர்க்காரர்கள்தான் சொல்ல வேண்டும். தப்பாக ஒரு கோடு போட்டால், பக்கத்தில் நிற்கும் பாட்டியே "அங்கே ஏதும்மா வாய்க்கால்?" என்று திருத்திவிடுவார்.

அடுத்தது செயல்விளக்கம். நெல் விதையைத் தரம் பிரிக்கும் எளிய முறை ஒன்று உண்டு. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அதில் ஒரு கோழி முட்டையைப் போடுவார்கள். முட்டை அடியில் கிடக்கும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே வந்தால் முட்டை மேலே வரும். அதன் மேற்பகுதி பழைய 25 காசு அளவுக்கு வெளியே தெரிந்தால் கரைசல் தயார். இப்போது விதையைக் கொட்டினால் பதர் மிதக்கும், திடமான விதை அடியில் தங்கும். அடியில் தங்கியதை எடுத்து, நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவி விதைக்கலாம்.

வகுப்பறையில் இது அடர்த்தி பற்றிய ஒரு பத்தி. களத்தில் கதையே வேறு. உப்பு குறைந்தால் சொத்தை விதையும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். சரியாகக் கழுவாவிட்டால் முளைப்பு பாதிக்கும். அதற்கும் மேலே, எதிரே உட்கார்ந்திருக்கும் விவசாயி, "ஏக்கருக்கு என்ன செலவாகும், எத்தனை ஆள் வேணும்?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத மாணவர், ஊருக்குத் திரும்பும் முன் அதைத் தெரிந்துகொண்டுதான் திரும்புவார்.

கிராமத்தில் தங்கிப் படிப்பது வேளாண் கல்லூரிகளுக்கு மட்டும் உரியதல்ல. திண்டுக்கல் மாவட்டத்தில் 1956-ல் தொடங்கப்பட்ட காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தில், மாணவர்கள் ஆசிரியர்களோடு கிராமத்தில் தங்கிப் பணியாற்றுவது நீண்ட காலப் பழக்கம். கையும் மூளையும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்ற காந்தியின் ஆதாரக் கல்விச் சிந்தனைதான் அதற்கு அடிப்படை.

காளான் குடிலில் பச்சைப் புள்ளி

அதே வேளாண் மாணவர்களுக்கு இன்னொரு பயிற்சியும் உண்டு. ஒரு சிறு தொழிலைக் குழுவாக ஏற்று, பொருளை உற்பத்தி செய்து, விற்று, கணக்கும் காட்ட வேண்டும். லாபம் வந்தால் மாணவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. காளான், தேனீ, நாற்றங்கால், உயிர் உரம், மதிப்புக் கூட்டிய உணவு என்று பல பிரிவுகள் இருக்கின்றன.

சிப்பிக் காளானையே எடுத்துக்கொள்வோம். வைக்கோலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, சில மணி நேரம் ஊறவைத்து, வெந்நீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்து உலர்த்த வேண்டும். கையில் பிழிந்தால் சொட்டக் கூடாது, தொட்டால் ஈரம் தெரிய வேண்டும். இந்தப் பதம் எந்தப் புத்தகத்திலும் கைக்குப் பிடிபடாது. பிறகு பாலித்தீன் பையில் ஓர் அடுக்கு வைக்கோல், ஓர் அடுக்கு காளான் வித்து என்று மாற்றி மாற்றி நிரப்பி, இருட்டான அறையில் தொங்கவிட வேண்டும். 15 முதல் 20 நாள்களில் பை முழுக்க வெள்ளையாகப் பூசணம் படரும்.

எல்லாம் சரியாகச் செய்திருந்தால் மட்டுமே இந்த வெள்ளை வரும். கை கழுவாமல் வித்தைத் தொட்டாலோ, வைக்கோல் சரியாக வேகாவிட்டாலோ பைக்குள் பச்சைப் புள்ளிகள் தோன்றும். டிரைக்கோடெர்மா வகைப் பூஞ்சை அது. சுவாரஸ்யம் என்னவென்றால், விதை நேர்த்தியில் பயிரைக் காப்பாற்றும் நண்பன் என்று மாணவர்கள் படித்த அதே வகைப் பூஞ்சைதான் காளான் குடிலில் எதிரி. தேர்வில் இரண்டு தனித்தனிப் பாடங்களில் வரும் ஒரு பெயர், இங்கே ஒரே பையில் முகத்தைக் காட்டுகிறது. அந்தப் பையைத் தூக்கி அப்புறப்படுத்தும் மாணவருக்கு அந்தப் பெயர் ஆயுளுக்கும் மறக்காது.

அறுவடை முடிந்தால் அடுத்த பாடம் காத்திருக்கிறது. பறித்த காளான், சாதாரண வெப்பநிலையில் ஓரிரு நாளுக்கு மேல் தாங்காது. வாங்குபவர் யார் என்று முன்கூட்டியே பேசி வைக்காதவர்களின் லாபம் கூடையிலேயே வாடிப்போகும்.

77-வது கப்

"வேளாண்மை படிப்பவர்களுக்குச் சரி, பி.காம் படிக்கும் என் பெண்ணுக்கு என்ன வழி?" என்று கேட்கலாம். பல கல்லூரிகளில் ஆண்டுக்கு ஒருமுறையாவது உணவுத் திருவிழா நடக்கிறது. அந்த ஸ்டால், சரியாகப் பயன்படுத்தினால் ஒரு தொழில்முனைவோர் வகுப்பு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து தோழிகள் சேர்ந்து 100 கப் சுண்டல் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடலை, தேங்காய், எண்ணெய் எல்லாம் சேர்த்து 1,200 ரூபாய். ஒரு கப் விலை 30 ரூபாய். 'ஒரு கப்புக்கு 12 ரூபாய்தான் செலவு, 18 ரூபாய் லாபம்' என்று குதிக்கத் தோன்றும்.

ஆனால், பேப்பர் கப்பும் ஸ்பூனும் 200 ரூபாய். கேஸும் ஆட்டோவும் 400 ரூபாய். ஸ்டால் கட்டணம் 500 ரூபாய். மொத்தச் செலவு 2,300 ரூபாய் ஆகிவிட்டது. 30 ரூபாய் வீதம் 76 கப் விற்றால்கூட 2,280 ரூபாய்தான் கையில் இருக்கும். 77-வது கப் விற்கும்போதுதான் முதல் லாபமே தெரியும். மழை வந்து 70 கப்போடு கடை மூடினால் 200 ரூபாய் நஷ்டம்.

சரி, 100 கப்பும் விற்றுவிட்டது. லாபம் 700 ரூபாய். ஐந்து பேர் ஆளுக்கு ஆறு மணி நேரம் உழைத்திருந்தால் மொத்தம் 30 மணி நேரம். ஒரு மணி நேர உழைப்புக்குக் கிடைத்தது 23 ரூபாய்தான். தங்கள் கூலியை விலையில் சேர்க்க மறந்துவிட்டோம் என்பது அப்போதுதான் உறைக்கும். வீட்டிலிருந்தே ஊறுகாய், பொடி விற்கத் தொடங்கும் பலரும் வழுக்கி விழும் இடம் இதுதான். மாணவப் பருவத்தில் 700 ரூபாயில் இதைத் தெரிந்துகொள்வது, பிற்காலத்தில் ஏழு லட்சம் ரூபாய் கடனில் தெரிந்துகொள்வதைவிட எவ்வளவோ மேல்.

ஸ்டாலைத் தாண்டித் தொடர விரும்புபவர்களுக்கும் வாசல்கள் உண்டு. பல கல்லூரிகளில் தொழில்முனைவோர் மேம்பாட்டு மையம் இருக்கிறது. மாநில அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் சென்னையில் இயங்குகிறது. உணவுத் தொழில் என்றால், தஞ்சாவூரில் உள்ள மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் பயிற்சிகள் தருகிறது. ஒன்றை மறக்க வேண்டாம். சிறிய அளவில் உணவுத் தொழில் நடத்தினாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அவசியம்.

தட்டில் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு?

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 1 முதல் 7 வரை தேசிய ஊட்டச்சத்து வாரம். கல்லூரிகளில் 'அடுப்பில்லா சமையல்' போட்டி களைகட்டும். கேரட்டில் ரோஜா, வெள்ளரியில் மயில் என்று தட்டுகள் ஜொலிக்கும். பரிசும் கிடைக்கும். மறுநாள் காலையில் அதே மாணவர் டிபன் சாப்பிடாமல் டீயும் பிஸ்கட்டுமாக வகுப்புக்கு ஓடுவார்.

இங்கே செய்முறை என்பது அலங்காரத்தில் இல்லை, அளப்பதில் இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியை வெளியிட்டது. ஒரு நாளைக்கு 2,000 கிலோ கலோரி தேவைப்படுபவரின் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி, கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம்.

இதைப் படித்தால் ஒரு நிமிடத்தில் மறந்துபோகும். சமையல் தராசை வைத்து 400 கிராம் காய்கறியை ஒருமுறை நிறுத்துப் பார்த்தால் மறக்காது. 'இவ்வளவா?' என்று கண் விரியும். 27 கிராம் எண்ணெய் என்பது ஏறக்குறைய இரண்டு டேபிள்ஸ்பூன்தான். அதை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, 'மூணு வேளைக்கும் இதுதான்' என்று பார்த்தால் 'இவ்வளவுதானா?' என்று இன்னொரு முறை விரியும்.

இந்தக் கணக்கிலேயே ஒரு சமையல் சூத்திரமும் இருக்கிறது. தானியமும் பருப்பும் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. அதாவது, மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பாசிப்பருப்பு, கைநிறையக் காய்கறி, சீரகம், மிளகு, கடைசியில் ஒரு ஸ்பூன் நெய். ரைஸ் குக்கரில் அரை மணி நேரத்தில் ராத்திரி சாப்பாடு தயார். வெளியூரில் அறை எடுத்துத் தங்கும் பையனும் பெண்ணும் இதை ஒன்று தெரிந்துகொண்டாலே, வாரத்தில் நான்கு நாள் பரோட்டா பார்சலிலிருந்து தப்பிக்கலாம்.

'சமையல் பயிற்சி என்றால் பெண்களுக்கு' என்ற நினைப்பை இன்னும் சில வீடுகளும் கல்லூரிகளும் விடவில்லை. ஹாஸ்டலில் தங்கும் பையனுக்கும் வயிறு ஒன்றுதான். ஊட்டச்சத்துத் துறை இருக்கும் கல்லூரிகள், மற்றத் துறை மாணவர்களுக்கும் மாதம் ஒரு சனிக்கிழமை சமையல் கூடத்தைத் திறந்துவிட்டால் பெரிய செலவில்லை, பெரிய பலன்.

ஹாஸ்டல்களில் 'டிவைடிங் மெஸ்' முறையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாதச் செலவை மாணவர்களே தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வது. மெஸ் பிரதிநிதியாக இருக்கும் மாணவர் காய்கறி வாங்கப் போக வேண்டும், அரிசி மூட்டையை எண்ண வேண்டும், மீந்த சோற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். மெஸ் பில் 300 ரூபாய் ஏறினால் ஹாஸ்டலே கேள்வி கேட்கும். நிர்வாகவியல் வகுப்பு இதைவிடத் தெளிவாக நடத்த முடியாது.

சாவி மாணவர் கையில்

பொறியியலில் இதற்குப் பெயர்போன உதாரணம், சென்னை ஐ.ஐ.டி.யின் புத்தாக்க மையம். 1981-ல் படித்து முடித்த முன்னாள் மாணவர்களின் உதவியோடு 2008-ல் தொடங்கியது. யோசனையோடு உள்ளே வரும் மாணவர், பொருளோடு வெளியே போக வேண்டும் என்பதுதான் நோக்கம். பந்தய கார் முதல் ஹைப்பர்லூப் வரை மாணவர் குழுக்கள் தாங்களே வடிவமைத்துச் செய்து பார்க்கின்றன. அதே ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-ல் தொடங்கிய ஏத்தர் நிறுவனத்தின் மின்சார ஸ்கூட்டர்கள் இன்று நம் தெருக்களில் ஓடுகின்றன.

'அது ஐ.ஐ.டி, எங்கள் கல்லூரியில் அதெல்லாம் ஏது?' என்று தோன்றலாம். அங்கே இருக்கும் கோடி ரூபாய் இயந்திரம் எல்லாருக்கும் கிடைக்காது. ஆனால், அங்கே நடக்கும் ஒரு விஷயத்துக்குக் காசு வேண்டாம். பட்டறையை நடத்துவது மாணவர்களே. பல கல்லூரிகளில் லேப் இருக்கிறது, இயந்திரமும் இருக்கிறது. ஆனால், 'ரிப்பேர் ஆகிவிடும்' என்ற பயத்தில் சாவி பீரோவிலேயே தூங்குகிறது. ஒரு துறைத் தலைவர் மனது வைத்து, வாரத்துக்கு ஒரு மாலையில் அந்தச் சாவியைக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

கணக்கில் வராத வகுப்பு

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய மாணவிக்கும், வார இறுதியில் வேலைக்குப் போனால்தான் ஃபீஸ் கட்ட முடியும் என்ற மாணவருக்கும், மாலை ஐந்து மணிக்கு மேல் நடக்கும் எந்த வாய்ப்பும் வாய்ப்பே அல்ல. செய்முறைக் கல்வி வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்காக ஆகிவிடாமல் இருக்க, அது கால அட்டவணைக்குள் வர வேண்டும். 2022 மார்ச் 1 அன்று தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் திறன் பயிற்சிகள் பாடத்திட்டத்தோடு இணைக்கப்பட்டிருப்பது அந்த வகையில் நல்ல தொடக்கம். 1969-ல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும், ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. முகாமில் 50 பேருக்குச் சமைப்பதும், ஊர்ப் பெரியவரிடம் பேசி அனுமதி வாங்குவதும் கல்விதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. முகூர்த்த நாள்களில் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறுபவர்களைக் கவனித்துப் பாருங்கள். பலர் கல்லூரி மாணவர்கள். எத்தனை இலை போட்டால் எவ்வளவு சாம்பார் வேண்டும், முதல் பந்தி எழும்போது இரண்டாம் பந்தியை எப்படி அமர்த்துவது, கோபப்படும் உறவினரை எப்படிச் சமாளிப்பது என்று எல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஆனால், ரெஸ்யூமேயில் 'அனுபவம்: இல்லை' என்று எழுதுவார்கள். வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது? ஆள் எண்ணிக்கை, நேரம், பொறுப்பு ஆகியவற்றோடு அதை எழுதினால், அது பத்து வெபினார் சான்றிதழைவிடக் கனமானது.

காசு கேட்கும் இன்டர்ன்ஷிப்... உஷார்!

செய்முறைக்கு மவுசு கூடியதும் போலிகளும் கூடிவிட்டன. பணம் கட்டினால் வீட்டிலிருந்தபடியே 'இன்டர்ன்ஷிப் முடித்தார்' என்று சான்றிதழ் அனுப்பும் இணையதளங்கள் இருக்கின்றன. சேரும் முன் இந்த நான்கைக் கேளுங்கள்.

* முதல் வாரத்தில் என் கையால் என்ன செய்யப்போகிறேன்? 'கவனிப்பது' என்று மட்டும் பதில் வந்தால் யோசியுங்கள்.
* என் வேலையைப் பார்த்துத் திருத்தப்போகிறவர் யார்? பெயரும் பொறுப்பும் சொல்ல வேண்டும்.
* முடிவில் சான்றிதழைத் தவிரக் காட்டுவதற்கு என்ன இருக்கும்? ஒரு பொருள், ஒரு கணக்கு, ஓர் அறிக்கை?
* நான் ஏன் பணம் கட்ட வேண்டும்? பயிற்சிக் கட்டணம் என்றால், அது பயிற்சி வகுப்பு. இன்டர்ன்ஷிப் அல்ல.

கூடவே ஒரு 40 பக்க நோட்டு போதும். என்ன செய்தோம், எங்கே தப்பானது, அடுத்த முறை எதை மாற்றினோம் என்று ஒவ்வொரு நாளும் மூன்று வரி. உப்புக் கரைசலோ சுண்டல் கணக்கோ, எழுதி வைத்தது மட்டுமே ஆறு மாதம் கழித்துக் கைகொடுக்கும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை காளான் வைக்கோல் ஒட்டிய சட்டையோடு லேட்டாக வரும்போது, "படிக்கிற வேலையை விட்டுட்டு இது எதுக்கு?" என்று கேட்கத் தோன்றும். சுண்டல் ஸ்டாலில் 200 ரூபாய் நஷ்டம் என்றால் திட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். சாப்பிட உட்காரும்போது, "இன்னைக்கு என்ன செஞ்சே? எங்கே தப்பாச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். அன்று ராத்திரி வீட்டில் பேச்சு நீளமாகப் போகும்.